என்ன குறை என்று கேட்காத பாரம்

கேள்வி அச்சடித்த பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்டேட்டு வீட்டு வாசலில் நின்றால் முதலில் நாய் குரைக்கும், அடுத்து வீட்டுக்காரர் இருமுவார். நாயை நம்பலாம், இருமலை நம்பக்கூடாது. உங்களில் யாராவது வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தால் இதைப் படிக்கும்போதே கால் வலிக்கும்.

எஸ்.பி.எம். பரீட்சையில் எனக்குக் கணக்கு போய்விட்டது. திரும்ப எழுத விருப்பமும் இல்லை. அம்மா தூரத்தில் கிலாங்கு பட்டணத்தில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்த நேரத்தில், கோலா கெத்திலில் சின்னதாக ஓர் உதவிக் குழு நடத்தும் பரமேஸ் அக்கா கூப்பிட்டார். எங்கள் எஸ்டேட்டில் ஒரு வீடு விடாமல் போக வேண்டும். 'உங்களுக்கு என்ன குறை?' என்று கேட்கக்கூடாது. 'உங்களுக்கு என்ன நல்லா வரும்?' என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையோ பல் போனவரோ, எல்லாரிடமும். ஒருவருக்கு நன்றாக வருவதை, அது தேவைப்படுகிற இன்னொருவரோடு சேர்த்துவிட வேண்டும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். பரமேஸ் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நடக்கலன்னா என்னா, கிலாங்கு எங்கயும் ஓடிடாது லா."

வியாதி போதுமா?

முதல் வீடு வேலு மாமா வீடு. நான் வருவது தெரிந்ததும் உள்ளே ஏதோ உருட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பெரிய டிவி மேல் சாரோங் துணி போர்த்தியிருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் காய்கறி வேன் மேல் படுதா. மாமா பாயில் படுத்திருந்தார். காலையில்தான் கடையில் அவர் ரொட்டி சானாய் மூன்று சாப்பிட்டதைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களிடம் இதுதான் வழக்கம். பாரம் என்றால் பந்துவான், பந்துவான் என்றால் அரசாங்க உதவி, உதவி வேண்டுமென்றால் ஒன்றுமில்லாதவராக இருக்க வேண்டும். நான் "மாமா, உங்களுக்கு என்ன நல்லா வரும்?" என்றேன். "இனிப்பு நீர் நல்லா வரும்மா. பிரஷரும் வருது. முட்டி வலி சொல்லவே வேணாம்." பேனாவை மூடினேன். மாமா பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார்: "ஏம்மா, இவ்ளோ வியாதி போதுமா, இன்னும் ரெண்டு சேத்துக்கவா?"

நான் சொன்னேன்னு சொல்லாதே

பதினோரு வீடு முடிந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கிளினிக்குக்குத் தேவையான வியாதிகள் மட்டும். பன்னிரண்டாவது லெட்சுமி அக்கா வீடு. அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, உங்க கதை வேணாம். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்கு என்ன நல்லா வரும், அத சொல்லுங்க."

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. சாக்கடை ஓரத்து வாழைமரம் யாருடையது என்று இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சில்லை. லெட்சுமி அக்கா முறைத்தார். "சண்டை நல்லா வரும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். சரோஜா அக்கா தைத்துக் கொடுத்த ரவிக்கை மாதிரி எந்தக் கடையிலும் இவரால் மறுபடி தைத்து வாங்க முடியவில்லையாம். பள்ளிச் சீருடை கிழிந்தால் தைத்த இடம் கண்ணுக்கே தெரியாதாம். எழுதினேன். அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்: எங்கள் ஆட்களுக்குத் தங்களைப் பற்றிச் சொல்ல வாய் வராது, அடுத்தவரைப் பற்றிக் கேட்டால் பாரத்தில் இடம் போதாது. பரமேஸ் அக்கா பாரத்தின் முதல் கேள்வியையே 'இவருக்கு என்ன நல்லா வரும்?' என்று மாற்றி அச்சடித்தார். அன்றைக்கு நான் கிளம்பும்போது லெட்சுமி அக்கா வாசல் வரை வந்து மிரட்டினார்: "எழுதிக்கோ. ஆனா நான் சொன்னேன்னு சொன்னே, கால ஒடிச்சிருவேன்."

கதவு திறக்காத வீடு

கடைசி வீடு சுப்ரா அண்ணன் வீடு. வயது அறுபதை நெருங்குகிறது, ஆனாலும் லயத்து வீடுகளில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டினார். இனிப்பு நீர் வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தனி ஆள். போன மாதம் குளியலறையில் விழுந்து காலையிலிருந்து மத்தியானம் வரை கிடந்திருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை. அலோர் ஸ்டாரில் ஆபீஸ் கிராணியாக இருக்கும் அவருடைய தங்கச்சி அமுதா பயந்துபோய், அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டார். மாசக் கடைசி சனிக்கிழமை காடி ஓட்டிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அண்ணனுக்குப் போக மனசில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கையில் இல்லை.

அக்கம்பக்கத்தில் கேட்டேன். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: ரோடு. எந்த வண்டி எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று ஜன்னலில் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம். கதவைத் தட்டினேன். "எனக்கு ஒண்ணும் வராது, போ" என்று உள்ளிருந்து குரல். மூன்று நாள் இதே பதில். நான்காம் நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, கால்தானே போச்சு? வாயும் போச்சா?" என்று கத்திவிட்டேன்.

வேலை போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஊன்றுகோல் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், கதவு திறந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்: "உங்கம்மா நம்பர் குடு, அவகிட்ட நான் கொஞ்சம் பேசணும்."

காலியாகப் போகிற வண்டி

எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேருக்குச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் அப்பாய்ண்ட்மெண்ட் இருக்கும், போக வண்டி இருக்காது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நான் சுப்ரா அண்ணனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் குறுக்கிட்டார்: "புதன்கிழமை காலைல வேலு காய்கறி ஏத்த சுங்கை பட்டாணிக்குத்தான் போறான். வேன் காலி. படுதா போட்டு மூடுனா சத்தம் எனக்குக் கேக்காதா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. சுவரில் ஒரு காலண்டர், கையில் ஒரு போன். யார் எங்கே காலியாகப் போகிறார், யாருக்கு எங்கே போக வேண்டும் என்று அண்ணன் இணைத்துவிடுவார். ஆஸ்பத்திரி கார்டெல்லாம் மலாய் மொழியில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் தர்ஷினியைப் போட்டோம். அவளுக்கு என்ன நல்லா வரும் என்று கேட்டதற்கு அவள் டீச்சர் சொன்ன பதில் 'அதிகாரம்'. வேலு மாமா முட்டி வலிக்கு என்று இத்தனை மாதமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கார்டை அவள்தான் வாங்கிப் பார்த்தாள்: "மாமா, இது கண்ணு கார்டு. தைலத்த வெச்சுட்டுக் கண்ணாடிய எடுங்க."

ஒரே சீட்டு

அண்ணன் பெரிய தப்பு ஒன்று செய்தார். லெட்சுமி அக்காவையும் சரோஜா அக்காவையும் ஒரே புதன்கிழமை, ஒரே பின் சீட்டில் போட்டுவிட்டார். தெரியாமல் செய்தது என்று இன்றுவரை சாதிக்கிறார். போகும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்களாம். திரும்பும்போது நடுவில் கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் மூட்டை. வண்டி குலுங்கக் குலுங்க மூட்டை சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. எஸ்டேட்டு வாசலில் இறங்கியதும் லெட்சுமி அக்கா நேராக என்னிடம் வந்தார்: "முதல்ல பேசுனது அவதான். அதையும் பாரத்துல எழுதிக்கோ."

அலோர் ஸ்டார் சீட்டு

மாசக் கடைசி சனிக்கிழமை வந்துவிட்டது. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி லீவு, ஞாயிறு வேலை நாள், அதனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டுச் சனிக்கிழமைதான் அண்ணனுடைய போன் ஓயாது. அமுதா அக்கா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைகளை மடித்தார். ஒரு சட்டை மடிப்பதற்குள் இரண்டு போன். கடுப்பாகி ஒன்றை அவரே எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ, "நாளைக்கு எனக்கு யாரு வண்டி?" என்றார். "காலண்டர்ல பாத்துச் சொல்லு தங்கச்சி, அவங்களுக்குப் பின் சீட்டு ஆகாது, வாந்தி வரும்" என்றார் அண்ணன். அமுதா அக்கா பார்த்துச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "இதெல்லாம் சரிம்மா. மறுபடியும் விழுந்தா?" வாசலில் நின்ற லெட்சுமி அக்கா பதில் சொன்னார். "அன்னிக்கு விழுந்தப்போ இவர யாரும் தேடல, அதான் உண்மை. இப்ப ஏழு மணிக்கு இவர் போன் எடுக்கலன்னா ஏழு அஞ்சுக்கு எஸ்டேட்டே வந்து கதவ ஒடச்சிரும்."

அமுதா அக்கா பெட்டிப் பக்கம் திரும்பினார். மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். பெட்டியை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அண்ணன் கேட்டார், "அலோர் ஸ்டாருக்குக் காலியாத்தானே போற? லெட்சுமி மக அங்க பிள்ள பெத்திருக்கு. ஏத்திக்கிட்டுப் போயேன்." லெட்சுமி அக்கா ஏற்கெனவே பையோடு வந்திருந்தார். அமுதா அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது: "உன்னக் கூட்டிட்டுப் போக வந்த சீட்டுல வேற ஆள ஏத்துறியே, அண்ணே!"

என்னுடைய பாரத்தில் 'இவருக்கு என்ன நல்லா வரும்?' என்ற இடத்தில் சுப்ரா அண்ணன் 'வாய்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கணக்கில் போனவளுக்கு அந்த ஒரு பாடமாவது பாஸ்.