பல் டாக்டர் மாடி

சமையலறையில் கேஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று ஏழு முறை பார்ப்பேன். ஏழாவதில் சந்தேகம் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. போன தடவை திருச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பி, தாம்பரத்தில் ரயில் வந்து நின்ற பிறகு ஏறாமல் திரும்பிவிட்டேன். அடுப்பு மூடித்தான் இருந்தது.

"பேத்தி பொறந்த நாளுக்கு நான் போகத்தான் போறேன். நீங்க வர்றதா, அடுப்புக்குக் காவல் இருக்கறதான்னு முடிவு பண்ணிக்குங்க" என்றாள் மனைவி.

அதனால்தான் சிட்லபாக்கத்தில் மருந்துக்கடை மாடியிலிருக்கும் கவுன்சலரிடம் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படியொரு தொழில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மனசு சரியில்லை என்றால் கோயில், சர்ச், ஜோசியர். அதையும் மீறினால் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் 'கீழ்ப்பாக்கம்' என்று ஒரு சொல். அதோடு அந்த வீட்டுக் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நல்லவேளை, அதே மாடியில் எதிர்க்கதவு பல் டாக்டருடையது.

படியில் எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் இறங்கி வந்தார்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"கடைவாய்ப் பல் சார். உங்களுக்கு?"

"எனக்கும் பல்லுதான். உயிர் போவுது."

அவருக்கு மேலும் கீழும் பொய்ப்பல் செட்.

உள்ளே போனதும் கவுன்சலர் அம்மாவிடம் சர்ட்டிபிகேட்டைக் காட்டச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தாராளமா பாருங்க சார். போர்டு மாட்டறவங்க எல்லாரும் படிச்சவங்க இல்ல. முன்னெல்லாம் பசங்களைத்தான் இழுத்துட்டு வருவாங்க, மார்க் வாங்க வைங்கன்னு. இப்போ பெரியவங்க தானா வர்றாங்க. மத்தியானம் பூரா உங்க செட்டுதான்."

நான் கொண்டுபோன சுகர் ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுப்பை ஒரே முறை பார்க்க வேண்டும், வீட்டைப் பூட்ட வேண்டும், நடக்க வேண்டும். பயம் வந்தால் வரட்டும், அதோடு நடக்க வேண்டும். வாராவாரம் இதுதான் பயிற்சி.

கிளம்பும் நாளன்று ஒரே முறை பார்த்துப் பூட்டிவிட்டு கேட்டருகே தயங்கி நின்றேன். வாத்தியார் பார்த்துவிட்டார்.

"சாவியைக் குடுங்க சார், நான் உள்ள போய்ப் பாத்து... ஐயோ, வேணாம். அடுத்தவங்களைப் பாக்கச் சொல்றதும் கூடாதுன்னு மேடம் சொல்வாங்களே!"

"எந்த மேடம்? பல் மேடமா?"

அவர் சிரித்த சிரிப்பில் செட் கழன்றுவிடும் போலிருந்தது. என் மனைவி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

ரயிலில் பயமும் என்னோடு ஏறியது, டிக்கெட் இல்லாமல். செங்கல்பட்டு ஏரி வந்தபோது மனைவி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். எட்டு இருந்தது. இட்லியை எண்ணலாம் என்று கவுன்சலர் அம்மா சொல்லியிருக்கிறார்.