மால்சுன் அக்கா ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போன ஞாயிறு

எங்கள் சந்தையில் மால்சுன் அக்காவைப் பிடிக்காதவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேர் வியாபாரிகள் சங்கத்தின் கமிட்டியில் இருக்கிறார்கள். ஆறாவது ஆள் அவள் புருஷன் கிபொம், அதுவும் சில நாட்களில் மட்டும்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். இத்தோடு பெண் பிறப்பது நிற்கட்டும் என்று அவள் அப்பா ‘கடைசி’ என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தென்கொரியாவின் சியோல் நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்தச் சந்தையில் முப்பத்தோரு வருடமாக அவள் பழக்கடை நடத்துகிறாள். பக்கத்துக் கடை என்னுடையது. நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் விற்கிறவள் நான். என் பெயர் சூன்தொக். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

கடைகளுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. சரக்கு அதைத் தாண்டக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். ஆனால் பழக்கடைக்கு மட்டும் அரை மீட்டர் தாண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். நடந்து போகிறவர்களின் கைக்கு எட்டாத பழம் விற்காது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அரை மீட்டரில்தான் அக்கா ஸ்ட்ராபெர்ரிப் பெட்டிகளை அடுக்குவாள். அவள் வியாபாரத்தில் பாதி அங்கேதான்.

போன பிப்ரவரிக் கடைசியில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். ஐந்து வயது இருக்கும். பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இது செடியில மேல பாத்து நிக்குமா, கீழ பாத்துத் தொங்குமா?” என்று கேட்டாள். அக்கா எதையோ அடுக்குவது போலக் குனிந்துகொண்டாள். குழந்தை விடவில்லை. “அம்மா, ஆன்ட்டிக்குத் தெரியல” என்றது. அம்மாக்காரி அதன் வாயைப் பொத்திவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை வாங்கிப் போனாள்.

அன்று மாலை கடையை மூடும்போது அக்கா என் பக்கம் வந்தாள்.

“முப்பத்தோரு வருஷம், சூன்தொக். எத்தனை பெட்டி வித்திருப்பேன். ஒரு செடிய நான் பாத்ததில்ல.”

“நெத்திலி உயிரோட நீந்தி நானும்தான் பாத்ததில்ல. அதுக்கென்ன இப்போ?”

“நீ பாக்காம இரு. நான் போய்ப் பறிக்கப் போறேன்.”

சேதி அடுத்த நாளே சந்தை முழுக்கப் பரவிவிட்டது. எதிர்க்கடையில் சோயாப் பாலில் செய்யும் தோஃபு விற்கும் ஹ்வாஜாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. “காசு குடுத்துப் போய் உன் சரக்க நீயே பறிக்கப் போறியா? அப்ப நான் சோயா வயலுக்குப் பிக்னிக் போகட்டுமா?” என்றாள். அப்படிக் கேட்டவள்தான் இரண்டு நாள் கழித்து ஒருவரும் பார்க்காதபோது வந்து, “எத்தனை பேர் போறீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். அக்காவும் நானும்தான் என்றதும் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டாள்.

நாள் குறிப்பதில்தான் சிக்கல். சந்தைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் விடுமுறை. மார்ச் மாத விடுமுறையன்று சங்கத்தின் வசந்தகாலச் சுற்றுலா. வருடா வருடம் கிழக்குக் கடற்கரைக்கு ஒரு பஸ் போகும். ஆண்கள் ஏறும்போதே சோஜு சாராயத்தைத் திறந்துவிடுவார்கள். பெண்கள் முதல் நாளே ஐம்பது பேருக்குப் பன்றிக்கறி வேகவைத்து, துண்டு போட்டு, கிம்ச்சி ஊறுகாயும் உப்பிட்ட இறாலும் டப்பாக்களில் அடைத்து, பஸ்ஸில் வரிசை வரிசையாகப் பரிமாற வேண்டும். இருபது வருடமாகக் கறி வேகவைப்பது மால்சுன் அக்கா. நான் போகாத ஒரு வருடம், கடல் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் தண்ணீர் ஜில்லென்று இருந்தது என்றாள்.

ஏப்ரல் விடுமுறை வரை காத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். “அதுக்குள்ள பழம் சின்னதாயிடும், புளிக்கும். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், அதையாவது கேளு” என்றாள்.

பண்ணைக்கு என் கடையிலிருந்துதான் போன் செய்தாள். யாங்சூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையோரமாக இருந்தது அது. இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போனில் ஓர் இளைஞன்.

“குழந்தைங்க எத்தனை பேரும்மா?”

“குழந்தை இல்ல. நாங்க மூணு பேர்.”

“இது குழந்தைங்களுக்கான நிகழ்ச்சிம்மா. ஞாயித்துக்கிழமையில குழந்தை இல்லாம பதிவு பண்ண முடியாது. பாரத்துல குறைஞ்சது ஒரு குழந்தையாவது போட்டாகணும்.”

“சரி, ஒண்ணு போட்டுக்கோ.”

“பேரு?”

“மால்சுன்.”

“வயசு?”

“அறுபத்து மூணு.”

“அம்மா, அந்தக் கட்டத்துல ஒரே ஒரு இலக்கம்தான் போட முடியும்” என்றான்.

“அப்ப ஆறு போடு. மூணை நான் நேர்ல கொண்டு வரேன்.”

அவன் சிரித்துவிட்டான். பதிவு முடிந்தது.

ஓ என்கிற குடும்பப் பெயர் கொண்ட சங்கத் தலைவர் அன்று சாயங்காலமே வந்தார். மெத்தைக் கடைக்காரர். குரலும் மெத்தை மாதிரிதான் இருக்கும், கோபத்தில்கூட ஏறாது.

“மால்சுன், ஞாயித்துக்கிழமை நீ வரலன்னு சொல்றாங்களே.”

“ஆமா தலைவரே. ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போறேன்.”

“கறி?”

“கறியா? அத ஸ்ட்ராபெர்ரியோட பறிக்க முடியாது.”

ஹ்வாஜா தோஃபுப் பலகைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். தலைவர் சிரிக்கவில்லை. கீழே பார்த்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கும் பெட்டிகளை ஷூ நுனியால் லேசாகத் தொட்டார்.

“இத்தனை வருஷமா இதை நான் பாக்காத மாதிரி இருந்தேன். ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போறதுதானே சந்தை. நீ அனுசரிக்கலன்னா நானும் கோட்டைப் பாக்க வேண்டியிருக்கும்.”

அவர் போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பின்வாங்கினேன். “அக்கா, விட்டுடலாம். ஒரு நாள் கூத்துக்காகப் பாதி வியாபாரத்தை இழப்பாங்களா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றேன். ஹ்வாஜாவும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தபோது அக்கா பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். முட்டி தேய்ந்தவள் அவள். குனிந்தால் நிமிர முகம் சுளிப்பாள். அப்படியும் அத்தனை பெட்டிகளையும் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், கோட்டின் மேல் விழுந்திருந்த ஒரு இலையைக்கூடப் பொறுக்கிப் போட்டாள்.

“அவர் வந்து தள்ளச் சொன்னா அது அவர் தண்டனை. நானே தள்ளிட்டேன். இனி என்கிட்ட பிடுங்க அவருக்கு என்ன இருக்கு?”

அதற்கு மேல் நான் எப்படி வரமாட்டேன் என்பேன்?

கிபொம் அண்ணன்தான் கடைசிவரை முனகினார். கறியை யார் வேகவைப்பது என்று கேட்டதற்கு, “தண்ணி கொதிச்சா அதுவே வேகும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்” என்றாள். எங்களுக்கும் ஒரு கட்டளை போட்டாள்: ஒருத்தியும் சாப்பாடு கட்டி எடுத்துவரக் கூடாது. பரிமாறுகிற கையை ஒரு நாள் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும்.

ஹ்வாஜாவுக்கு அது முடியவில்லை. சாங்பொங் நிலையத்தில் ரயில் ஏறி உட்கார்ந்ததுமே அவள் பையிலிருந்து அவித்த முட்டை வாசனை வந்தது. அக்கா பையைப் பிடுங்கி, எதிர் இருக்கையில் மலையேறப் போய்க்கொண்டிருந்த நாலு கிழவர்களிடம் மொத்த முட்டையையும் கொடுத்துவிட்டாள். “உப்பு இருக்கா?” என்று கேட்டார் ஒருவர். “எழுந்து போய்த் தேடுங்க” என்றாள்.

வெளியே இன்னும் குளிர் விடவில்லை. பண்ணையின் பாலித்தீன் கூடாரத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் நீளநீளத் தொட்டிகள். அவற்றின் இரண்டு பக்கமும் பழங்கள் கீழ்நோக்கித் தொங்கின. அக்கா அப்படியே நின்றாள். “தொங்குது” என்றாள்.

போனில் பேசிய அந்த இளைஞன் குழந்தைகளுக்கெல்லாம் ஸ்ட்ராபெர்ரி பொம்மை வைத்த தலைப்பட்டை மாட்டிக்கொண்டே வந்தான். எங்களைப் பார்த்ததும் தயங்கினான். அக்கா கையை நீட்டினாள். “பாரத்துல இருக்கிற குழந்தை நான்தான்.” நரைத்த சுருட்டை முடிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு முன் வரிசையில் நின்று பாடம் கேட்டாள். பழத்தை அமுக்கக் கூடாது. காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பினால் தானே வந்துவிடும். ஆளுக்கு ஒரு டப்பா, அது நிறைகிற வரை பறிக்கலாம்.

அக்காவின் டப்பாதான் முதலில் நிறைந்தது. என்ன ஒரு அடுக்கு! கீழே சின்னது, மேலே பெரிது, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. கடையில் அப்படியே வைத்தால் முதல் ஆள் தூக்கிப் போய்விடுவார். அவள் பெருமையாக இளைஞனிடம் காட்டினாள். அவன் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அழகாத்தான் இருக்கும்மா. ஆனா காம்புப் பக்கம் எல்லாம் வெள்ளையா இருக்கே. ஏன் பழுக்காததாப் பாத்துப் பறிச்சீங்க?”

“இதானே எங்க சந்தையில மூணு நாள் தாங்கும்.”

“மூணு நாள் எதுக்கும்மா தாங்கணும்? நீங்க இப்பவே சாப்பிடத்தானே வந்தீங்க?”

அவன் கைநீட்டி, காம்புவரை சிவந்து கறுத்துப்போன ஒன்றைப் பறித்துக் கொடுத்தான். “இது லாரியில ஏறினா சாயங்காலத்துக்குள்ள குழைஞ்சிடும். உங்க சந்தைக்கு வரவே வராது.”

அவள் அதைக் கடித்தாள். மெதுவாகத்தான் தின்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அது அழுகை இல்லை, கோபம்.

“இங்க வந்தும் நான் வாடிக்கைக்காரிக்குத்தான் பறிச்சிருக்கேன், பாத்தியா? இந்தக் கைக்கு எனக்குன்னு பறிக்கத் தெரியாம இருந்திருக்கு” என்றாள். என் டப்பாவில் மகனுக்கு, மருமகளுக்கு, பேரனுக்கு என்று மூன்று பங்காகப் பிரித்து வைத்திருந்தேன். எனக்கென்று ஒன்றுகூட அதில் இல்லை.

அக்கா தன் டப்பாவை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறு ஒன்று வாங்கி, மறுபடி முதல் தொட்டியிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை அடுக்கவில்லை, சும்மா போட்டாள். திரும்பும்போது ரயிலில் அந்த டப்பாவைத் திறந்து, ஒன்றுவிடாமல் தானே தின்று தீர்த்தாள். ஹ்வாஜா கைநீட்டியபோது, “உன்னுது உன் மடியில இருக்கு” என்றாள்.

திங்கட்கிழமை சந்தை திறந்தது. பெட்டிகள் கோட்டுக்குப் பின்னால் இருந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், வியாபாரம் நன்றாகவே படுத்துவிட்டது. பெண்கள் சாமான் வாங்கும் சின்ன வண்டிகளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமலே போனார்கள். பதினோரு மணிக்குத் தலைவர் ஓ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். கடல் வெயிலில் மூக்கு சிவந்திருந்தது.

“கறியைக் கடிக்க முடியல, மால்சுன். செருப்பு மாதிரி” என்றார். குரலில் கொஞ்சம் இளக்கம் இருந்தது. “சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வருஷம் வந்து வேகவச்சுக் குடுத்துடு. பெட்டிய இப்பவே வெளிய தள்ளிக்கோ. நான் பாக்கல.”

சந்தையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. எதிரில் ஹ்வாஜா தோஃபு வெட்டுகிற கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். தலையை ஆட்டினால் போதும், அரை மீட்டர் திரும்பிவிடும். அக்கா கோட்டை ஒருமுறை பார்த்தாள்.

“அடுத்த வருஷமும் அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு, தலைவரே.”

“அப்ப வியாபாரம்?”

“சரக்கு தாண்டக் கூடாதுன்னுதானே சட்டம். ஆளு தாண்டக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே.”

முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்து விற்ற ஸ்டூலை விட்டு எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டியைக் கையில் தூக்கியபடி கோட்டைத் தாண்டி வந்து பாதை நடுவில் நின்றாள். தலைவர் விலகிப் போக வேண்டியதாயிற்று. வண்டி இழுத்து வந்த ஒரு பெண்ணை அக்கா மறித்தாள்.

“நல்லா பழுத்திருக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இல்ல, முழுசாப் பழுக்கல. முழுசாப் பழுத்தது சியோலுக்கு வராது. ஆனா இந்தச் சந்தையில இதைவிட நல்லது உனக்குக் கிடைக்காது. எடுத்துக்கோ.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டாள். நான் ஒரு தட்டு நெத்திலியை அள்ளிக்கொண்டு எழுந்து, கோட்டைத் தாண்டிப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன்.