ராகு காலத்துக்கு முன் திறந்த உலை

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கீழே ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவிதான் இருந்தாள். ஒக்கூர்ப் பெண், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். உடைந்த சோடா பாட்டிலையும் முட்டை ஓட்டையும் கொண்டு நுரைக்கண்ணாடி செய்வது எங்கள் வேலை. இரண்டையும் மாவாக அரைத்துக் கலந்து, அச்சில் இறுக்கி, உலையில் வைப்போம். கண்ணாடி இளகும்போது ஓட்டுத் தூள் வாயுவை விடும். ஆப்பம் போலக் கண்கண்ணாகப் பூத்து எழும்பி, உள்ளே படிகம் பிடித்து இறுகும். கையில் எடுத்தால் தக்கை கனம். மாடித் தளத்தில் பதித்தால் எங்கள் ஊர் வெயில் கீழே இறங்காது என்று நம்பினோம். நம்பினோம் என்ன, அவள் நம்பினாள். எனக்கு அப்போதே எல்லாம் சலித்திருந்தது.

ஓடு பரோட்டாக் கடைகளிலிருந்து வந்தது. அவளே கழுவி, உள்தோலை உரித்துக் காயவைப்பாள். அறை முழுக்கக் கவிச்சி. அடுத்த அறைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெள்ளைக்கரு பூராம் செட்டியார் வீட்டுச் செவத்துப் பூச்சுக்குப் போயிருச்சு, ஓடாவது ஒங்களுக்குக் கெடச்சுச்சே" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிறு வில்லைகள் நன்றாக வந்தன. பெரிய பாளம்தான் ஆறும்போது விரிசல் விட்டது. முழுப் பாளம் ஒன்றைக் காட்டினால்தான் மதிப்பீட்டுக் குழு அவளுடைய உதவித்தொகையை இன்னும் ஓராண்டு நீட்டும். இல்லாவிட்டால் பட்டம் பாதியில் நின்றுவிடும். குழு ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழன் மாலை உலையை அணைத்துவிட்டு, நாளைச் சாயங்காலம்வரை கதவைத் தொட வேண்டாம், அவர்கள் சனிக்கிழமைதானே கிளம்புகிறார்கள், ஆறிய பிறகே காட்டலாம் என்றாள். சரி என்றேன்.

வெள்ளியன்று பத்தரைக்கு ராகு காலம். எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதையும் அந்த நேரத்தில் தொடங்க மாட்டோம். வேதியியல் படித்தும் எனக்கு அது விடவில்லை. குழு வருவதோ பதினொரு மணிக்கு. பத்தரைக்கு முன்பே பாளத்தை வெளியே எடுத்துவிட்டால் காரியம் நல்ல நேரத்தில் தொடங்கியதாகும் என்று நினைத்தேன். ஓரளவு ஆறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவள் கூட்ட அறையில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தேன்; சூடு முகத்தில் அடித்தது. உள்ளே பாளம் முழுசாக இருந்தது. இடுக்கியால் இழுத்து மேசையில் வைத்ததும் மெல்லிய சத்தங்கள் கேட்டன. குறுக்கே ஒரு கோடு ஓடி இரண்டாகப் பிளந்தது.

குழுத் தலைவர் காரணம் கேட்டார். ஆறவிட்டதில் பிசகு என்றேன். யார் பார்த்துக்கொண்டது என்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன். வாய் திறந்து அவளைக் குற்றம் சொல்லவில்லை என்பதை ரொம்ப காலம் எனக்கு ஆறுதலாக வைத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

உதவித்தொகை நீளவில்லை. சிங்கம்புணரியில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

"எதுக்கு சார் தொறந்தீக?"

சொன்னேன்.

"அதை அவுககிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"சிரிச்சிருப்பாங்க."

"ஆமா, சிரிச்சிருப்பாக. சிரிச்சு முடிச்சிட்டு எனக்கு ஒரு வருசம் குடுத்திருப்பாக."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அப்போதுகூடக் குழுத் தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். முடிவை மாற்ற இன்னும் அவகாசம் இருந்தது. நான் போகவில்லை.