பேஜரில் அடித்த கெட்டி மேளம்

அக்காவின் கல்யாணத்துக்கு மேளம் வரவில்லை என்று எனக்குச் சொன்னதே என் பேஜர்தான். பட்டுப்புடவை இடுப்பில் செருகியிருந்த சனியன் பீப் பீப் என்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் மேளக்காரர் அனுப்பிய செய்தி. வேன் ரோசாக் ஆகிவிட்டது, நியாலாஸ் பக்கம் நிற்கிறோம், வரத் தாமதமாகும். வேன் கெட்டுப்போக வேறு நாளே கிடைக்கவில்லையா!

டுரியான் துங்கால் மண்டபத்தில் ஆள் நிரம்பி வழிந்தது. அக்காவுக்கு முன்பே இரண்டு இடம் பேசி முடித்து, கடைசி நேரத்தில் கலைந்து போயிருந்தன. மூன்றாவதாகத் தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்த இந்த மாப்பிள்ளைக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. பிடிக்காதவர் அவருடைய பெரியம்மா ஒருவர்தான். ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நாங்களே தட்டில் வைத்துக் கொடுத்தது போலாயிற்று.

"கெட்டி மேளம் இல்லாம எங்க குடும்பத்துல யாரும் தாலி கட்டுனதில்ல. அந்த நேரம் பாத்து யாராச்சும் தும்முனா என்னா செய்யிறது? இன்னொரு நாள் வச்சிக்கலாம்," என்றார் பெரியம்மா.

"நல்ல நேரம் முடியப் போகுதும்மா," என்றார் ஐயர்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மைக் செட்காரரிடம் சினிமாப் பாட்டுக் கேசட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. மணவறையில் அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. கழுத்து மாலை மட்டும் நடுங்கியது. இன்னொரு நாள் என்று எழுந்து போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேளம் அடிக்கும்லா பெரியம்மா, கொஞ்சம் உக்காருங்க!" என்று கத்திவிட்டேன்.

வாயை விட்டாயிற்று, மேளத்துக்கு எங்கே போவது? கையில் இருந்தது அந்தப் பேஜர்தான். வந்தது வரட்டும் என்று அதையே தட்ட ஆரம்பித்தேன்.

எங்கள் பேஜரில் நாமே சத்தம் எழுதி வைக்கலாம். ஒரு எண்ணுக்கு ஒரு சுரம், கோடு போட்டால் சின்ன இடைவெளி. எழுதியதைப் போட்டுக் கேட்க ஒரு பொத்தானும் உண்டு. ஃபேக்டரியில் என் லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே கடையில் ஒரே மாதிரி பேஜர் வாங்கியிருந்தோம். ஒன்று கத்தினால் அத்தனை பேரும் இடுப்பைத் தடவுவோம். அந்தக் கூத்துத் தீரவே ஆளுக்கொரு மெட்டு எழுதிக் கொடுத்தவள் நான். வேலையில்லாதவள் என்று அம்மா திட்டாத நாள் கிடையாது.

நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டு எண்களைப் போட்டேன். பொத்தானை அமுக்கினால், ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது போல் இருந்தது. பக்கத்திலிருந்த சின்னப் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அழுகை முட்டியது. அப்போதுதான் உறைத்தது: கெட்டி மேளத்தில் மெட்டு எங்கே இருக்கிறது? அது முழுக்க முழுக்க அவசரம்தானே! கோடுகளை எல்லாம் அழித்தேன். ஒரே சுரத்தை நெருக்கி நெருக்கிப் போட்டு, நடுநடுவே மேல் சுரம் ஒன்றைச் சொருகினேன். இப்போது அமுக்கினேன். அப்பா துண்டை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் சத்தம் கொசு அளவுதான். "ஏய், எல்லாரும் பேஜர எடுங்கடி! நான் சொல்லச் சொல்லப் போடுங்க!" என்றேன். கல்யாணத்துக்கு வந்திருந்த ஃபேக்டரிப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு, ஏழு..."

"மெதுவா சொல்லுடி, வெரல் வலிக்குது!"

"கல்யாணம் முடிஞ்சதும் தைலம் தேச்சு விடுறேன், போடு!"

மைக்கைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றோம். ஐயர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்; பிறகு தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, கையை உயர்த்தினார்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

அமுக்கினோம். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, எல்லாப் பேஜரும் மைக்கில் விழுந்து அலறின. ஒன்றாகத் தொடங்காததே நல்லதாகப் போயிற்று. பத்துத் தவில் சண்டை போடுவது போல் மண்டபம் அதிர்ந்தது. அடங்க அடங்க மறுபடி அமுக்கினோம். பின்வரிசையில் யாரோ கை தட்ட, மண்டபமே தட்ட ஆரம்பித்தது. ஓமப் புகை மூக்கில் ஏறிப் பெரியம்மா தும்முவதைக் கண்ணால் பார்த்தேன். தலை ஆடியது, வாய் திறந்தது. சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதை மழையாகக் கொட்டியது. என் வாழ்க்கையில் அத்தனை திமிரோடு நான் நின்றதே இல்லை!

மணவறைக்கு ஓடினேன். அக்கா மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலடி. என் நெஞ்சு அடிச்சதுதான் கேட்டுச்சு. இன்னொரு தடவ அமுக்கு."

பேஜரை அவள் காதில் வைத்து அமுக்கினேன். மாப்பிள்ளையும் குனிந்து காதை நீட்டினார்.