வெளியே எடுத்த அளவு

அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லாருக்கும் அவள் அக்காதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தபால்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்த மருந்துக்கடைக்காரர் வரை 'தையல்கார அக்கா' என்றே கூப்பிட்டார்கள். உரிமையோடு அப்படிக் கூப்பிட வேண்டியவன் ஒருத்தன்தான், கூடப் பிறந்த தம்பி. அவன் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது.

அற்பச் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளன்று, நாற்பது சீருடைகளை முடித்துக் கொடுத்துவிட்டு இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "மெஷினை விட்டு எழுந்து வர இப்பத்தான் மனசு வந்துதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான் தம்பி. இவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "கூடவே இருந்து நீ என்னத்தைக் கிழிச்சே?" என்றாள். பதினோரு நாள் கட்டிலருகே கண் விழித்தவனைக் கேட்கிற கேள்வியா அது! அதோடு பேச்சு நின்றது.

தையல் அறையின் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைன் வரைவதற்காக வாங்கியது. வேலை இல்லாத மத்தியானங்களில் அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை விளையாட ஆரம்பித்தாள். சின்ன வயதில் வீட்டில் வளர்ந்த பூனையின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு, நீல லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்று, 'சேர்ந்து போலாமா?' என்று எழுத்தில் கேட்டது. ஓட்டுகிறவர் பெயரைப் பார்த்தாள். அதே வீட்டில் வளர்ந்த நாயின் பெயர்.

அன்றிலிருந்து இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை நாலு மணி தவறியதில்லை. பேச்சு என்று பார்த்தால், 'இடது பக்கம்', 'டீசல் போடணும்', 'நில்லு, வரேன்' அவ்வளவுதான். எல்லாம் எழுத்தில். நீ யார் என்று அவனும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமையோடு பழைய விளையாட்டை மூடுகிறார்களாம். புதியது ஓட வேண்டுமானால் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். 'உன் மெஷின் தாங்குமா?' என்று நீல லாரி கேட்டது. 'தாங்கும்' என்று அடித்துவிட்டாள். எங்கே தாங்கும்? இருக்கிற கார்டில், விளையாட்டுக்குள் மழை பெய்தாலே படம் திக்கித் திக்கித்தான் நகரும். ஆனால் சனிக்கிழமை போகாவிட்டால் அவன் என்ன நினைப்பான்? அவளே விட்டுவிட்டாள் என்றுதானே நினைப்பான்?

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பொறுமைசாலி. பவர் சப்ளை எத்தனை வாட்ஸ் என்று கேட்டார். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள், காட்டினாள். "போதும்மா. ரெண்டு விசிறி வச்ச கார்டு எடுத்துக்கோங்க. ஒன்பதரை இன்ச்தான். நீங்க சொல்ற கேமுக்கு இது தாராளம்."

"பக்கத்துல இருக்கே, அது என்ன, மூணு விசிறி?"

"அது பன்னெண்டு இன்ச். கொஞ்சம் கூடுதல் சக்தி. ஆனா கம்ப்யூட்டர் கேபினட்ல இடம் வேணும். அளந்து பாத்தீங்களா?"

யாரைப் பார்த்து என்ன கேள்வி! இருபத்திரண்டு வருஷமாக ஊரையே அளக்கிறவள் அவள். "பதினாலரை இன்ச்" என்றாள், டேப்பைத் தோளிலிருந்தே எடுக்காமல். வளரும் பிள்ளைகளின் துணிக்கு உள்ளே இரண்டு இன்ச் மடித்து விடுவது அவள் வழக்கம், பின்னால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் அல்லவா? கார்டும் அப்படித்தான், அடுத்த வருஷம் இன்னொரு புது விளையாட்டு வந்தாலும் தாங்க வேண்டும். மூன்று விசிறியையே வாங்கினாள். லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "என் லிப்ட் மோட்டாருக்கு இவ்வளவு பெரிய டப்பா கிடையாது" என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, தைத்து முடித்த பிளவுஸ்களை மடித்து வைத்துவிட்டு கேபினட்டைத் திறந்தாள். பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தாள். இடித்தது. சாய்த்து வைத்தாள். அப்போதும் இடித்தது. டேப்பை உள்ளே விட்டு அளந்தாள். பத்தரை இன்ச்.

அட என் அறிவே! உடம்புக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்தே பழகிய கை, கம்ப்யூட்டரையும் வெளியேதான் அளந்திருக்கிறது. சட்டை உடம்புக்கு வெளியே இருக்கும், கார்டு உள்ளேயல்லவா போக வேண்டும்! தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கடைக்காரர் சனிக்கிழமை மத்தியானமே கடையை மூடிவிடுவார். கணவர் எங்கோ ஒன்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார், போனை எடுக்க மாட்டார். பழைய விளையாட்டை நேற்றோடு மூடிவிட்டார்கள், அதில் போய்ச் செய்தி சொல்லவும் வழியில்லை.

மணி மூன்று ஐம்பது. மிச்சம் இருந்தது போன் ஒன்றுதான். அதில் தம்பியின் நம்பரை அவள் அழிக்கவில்லை. நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று ஒரு மனசு கேட்டது. போடி, அவன் அங்கே காத்துக்கொண்டு நிற்பான் என்றது இன்னொன்று. அமுக்கிவிட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"கார்டு உள்ளே போகல" என்றாள். நாலு வருஷம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு இதுவா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எத்தனை இன்ச்?"

"பன்னெண்டு. நான் வெளியே அளந்துட்டேன்."

வெடித்துச் சிரித்தான். அம்மாவின் சிரிப்பு, அப்படியே. "சட்டைக்கு எடுக்கிற மாதிரியாக்கா அளந்தே?"

அக்கா! அவளுக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழாதேக்கா. முன்பக்கம் ஹார்டு டிஸ்க் வைக்கிற கூண்டு ஒண்ணு இருக்கும் பாரு. காலியா இருக்கா? அதைக் கழட்டிடு. நாலு ஸ்க்ரூதான்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கழற்றினாள். மூன்றாவது ஸ்க்ரூவில், "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்றாள்.

"நான் மட்டும் என்ன சும்மாவா இருந்தேன்?" என்றான் அவன். "அம்மா கடைசியா உன்னைத்தான் கேட்டா. அந்தக் கோபத்துல கத்திட்டேன். நீ வந்தா சொல்லணும்னு இருந்தேன், சொல்லாமலே போயிட்டேன்."

"என்ன கேட்டா?"

அவன் சொல்ல ஆரம்பித்தான்.

ஆறரை மணிக்குக் கணவர் வந்தபோது கேபினட் திறந்தபடியே தரையில் கிடந்தது. கார்டு அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நாலாவது ஸ்க்ரூ இவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

"என்ன, கேம் ஓடுதா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இன்னும் ஆன் பண்ணவே இல்லைங்க. கொஞ்சம் சும்மா இருங்க, தம்பி பேசிட்டிருக்கான்" என்றாள்.