யாருக்கோ தைத்த குளிர் கோட்டு

தையல் கம்பெனியில் அவளுக்கு ஊசிப்பட்டாசு என்று பெயர். அவள் கத்தினால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிற நாய் எழுந்து மன்னிப்புக் கேட்கும் என்பார்கள். நாயைக் கேட்டால் அதுவும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

கல்யாணமான புதிதில் வந்து உட்கார்ந்தவள், இன்றுவரை தைப்பது குளிர் கோட்டு. பஞ்சு திணித்து, கழுத்துவரை ஜிப் வைத்த வெள்ளைக் கோட்டு. ஒன்றைக்கூட அவள் போட்டதில்லை. போடுகிற மாதிரிக் குளிரையும் பார்த்ததில்லை. முன்பெல்லாம் வெயில் விருந்தாளி மாதிரி வந்து போகும். இப்போது பெட்டி படுக்கையோடு குடிவந்துவிட்டது. அந்தத் தகரக் கூரைக்கடியில் முட்டையை வைத்தால், ஒன்று வெந்துவிடும், இல்லை குஞ்சு பொரித்து வேலை கேட்கும்.

பின்கதவுக்குப் பூட்டு. திறந்தால் புழுதி வந்து கோட்டில் ஒட்டுமாம். சாவி மேனேஜர் பேண்ட் பையில்.

அன்று காலை பக்கத்து மெஷினில் இருந்த அவள் தங்கை அப்படியே சரிந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

"வீட்டுக்குப் போடி."

"போனா அரைநாள் சம்பளம் போச்சுக்கா. அங்க மட்டும் என்ன, அதுவும் தகரம்தானே?"

ஊசிப்பட்டாசுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது.

கட்டுக்கு ஒரு கோட்டை யாராவது போட்டுப் பார்த்த பிறகே பெட்டியில் அடைப்பது வழக்கம். போட்டுக் காட்டும் ஆள் சூடு தாங்காமல் லீவு. அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், உங்க அளவுதான். ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, கட்டி அனுப்பிடறோம்."

ஏசி அறையிலிருந்து வந்தவர் கையை நுழைத்தார். அவள் ஜிப்பைச் சரட்டென்று தாடைவரை இழுத்தாள். இத்தனை வருடம் நடந்துவிடக் கூடாதே என்று பயந்த தப்பை வேண்டுமென்றே செய்தாள்: உள்துணியை ஜிப்பின் பல்லில் சிக்கவைத்தாள்.

"ஐயோ, மாட்டிக்கிச்சு சார்! அசையாதீங்க, கிழிஞ்சா சரக்கு போச்சு."

"எடும்மா, வேகுது!"

"அதுக்குள்ளயா? என் தங்கச்சி காலையிலேர்ந்து ரெண்டு உசுரோட வேகறா."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"விளையாடாத. இதான் கடைசிப் பெரிய ஆர்டர். வாங்கற வெளிநாட்டுலயும் இப்பக் குளிரே இல்லையாம். போன வருஷக் கோட்டே விக்காமக் கெடக்காம்."

அவள் பிடி இறுகியது.

"அப்ப யாருக்கு சார் தைக்கிறோம்? புகையை விட்டு உலகத்தையே கொதிக்க வச்சவன் கோட்டு வேணாங்கறான். அந்தக் கோட்டுல புழுதி படக்கூடாதுன்னு எங்களப் போட்டுப் பூட்டறீங்களா? குடுங்க சாவிய!"

வேர்வையில் வழுக்கிய கை சாவியை நீட்டியது.

தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்ப் பின்கதவைத் தள்ளினாள். காற்று வந்தது. அடுப்பின் வாயைத் திறந்தாற்போல் வந்தது. உள்ளே இருந்ததைவிடச் சூடு.

"மூடிடுக்கா," என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊசிப்பட்டாசு மூடவில்லை. கோட்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்தவரைத் தாண்டிப் போய், ஏசி அறையைக் காலால் உதைத்துத் திறந்து, தங்கையை மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எவனாவது வந்து எழுப்புங்கடா, பாக்கலாம்."