ஹால்வர் வேலியைக் கெடுத்த கதை

ஹால்வர் நாற்பது வருடம் டிராம்மன் ஊரில் வீடுகளுக்கு பெயிண்ட் அடித்தவர். அவர் பூசிய பலகையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்பார்கள். அந்த மனிதரை, அறுபத்தொன்பதாவது வயதில், எல்லோர் கண்முன்னாலும் ஒரு வேலியை அசிங்கமாக அடிக்கச் சொன்னார் தூரி. சொன்னவர் சாகக் கிடந்தார். அதனால் மறுக்கவும் வழியில்லை.

தூரி, ஹால்வர் குடியிருந்த முப்பத்தாறு வீட்டுக் குடியிருப்புக்கு இருபத்தைந்து வருடமாகத் தலைவி. ஹால்வரைவிட மூன்று வயது இளையவர். கணையத்தில் புற்றுநோய். ஈஸ்டர் வரைதான் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது மே மாதமே பிறந்துவிட்டது. "சாகறதைக்கூட நேரத்துக்குச் செய்யத் துப்பில்ல பாரு," என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார்.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை குடியிருப்பே இறங்கி வந்து கூலியில்லாமல் வேலை செய்யும். டூக்னாட் என்று பெயர். ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான். தேருக்குப் பதில் வேலியும் சைக்கிள் கொட்டகையும். அன்றைக்கு வாஃபிள் அப்பம் சுடுகிறேன் பேர்வழி என்று தூரி கிளம்புவார், முதல் வாஃபிளையே கரியாக்குவார். கீழ்வீட்டு ரிட்டயர்டு டீச்சர் யோரூன் தலையில் அடித்துக்கொண்டு கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். வருடா வருடம் இதே கூத்து.

போன வருடம் தூரி ஆஸ்பத்திரியில் இருந்ததால் பொறுப்பு ஹால்வர் தலையில் விழுந்தது. மனிதர் விடிவதற்குள் இறங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் தனியாளாக அந்த வருடத்து வேலை அத்தனையையும் முடித்துவிட்டார். வந்தவர்கள் காபி குடித்தார்கள், பாராட்டினார்கள், கலைந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. "ஒரே ஆள் முடிக்கிற வேலைக்கு எதுக்கு எல்லாரும்? ஏதாவது கம்பெனிகிட்ட விட்டுடலாம்," என்றான் நாலாம் மாடி பெண்டிக். இந்த வருடமும் ஆள் சேராவிட்டால் அந்த நாளையே எடுத்துவிடுவது என்று கூட்டத்தில் முடிவானது.

சேதி கேட்ட தூரி ஹால்வரை வரச்சொன்னார்.

"யோவ், உனக்கு வேலை தெரியும். அதான் உன் வியாதி. நீ ஒழுங்கா அடிச்சா எல்லாரும் கையைக் கட்டிட்டு வேடிக்கை பாப்பாங்க. வேலைக்குக் கூப்பிட்டா எவனும் வரமாட்டான். குத்தம் கண்டுபிடிக்க மட்டும் ஊரே வரும். அதனால தப்பா அடி."

"நாப்பது வருஷமா நான்..."

"தெரியும். சாகப்போறவ கேக்கறேன்."

"போன மாசம் என் சோபாவைக் கேட்டப்பவும் இதையேதான் சொன்னே."

"குடுத்தேல்ல? இதையும் குடு."

சனிக்கிழமை காலை ஹால்வர் வாசல் வேலி முன்னால் தனியாக நின்றார். மாடி ஜன்னலில், பறவை பார்க்கிற பைனாகுலரோடு, ஹால்வரின் சோபாவிலேயே சாய்ந்திருந்தார் தூரி. நாலு இழுப்பு இழுத்ததும் ஹால்வரின் போன் அடித்தது.

"கோடு நேரா இருக்கு. அசிங்கம்."

"கை கேக்க மாட்டேங்குது தூரி."

"இடது கையால அடி."

பழைய பூச்சைச் சுரண்டாமல், பனி காயாத பலகையில், இடது கையால், கீழிருந்து மேலாக இழுத்தார் ஹால்வர். சிவப்பு பெயிண்ட் முழங்கைவரை வழிந்தது. தெரிந்த பெயிண்டர் எவனாவது இந்தப் பக்கம் வந்துவிடப் போகிறானே என்று தெருவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நாயோடு வந்த யோரூன் நின்றுவிட்டார். "என்ன ஹால்வர், சுரண்டாமலா அடிக்கிறீங்க?"

ஹால்வர் கண்ணை மூடிக்கொண்டு, தன் வாழ்நாளில் கேட்டதிலேயே கேவலமான கேள்வியைக் கேட்டார். "சுரண்டணுமா?"

யோரூன் நாயை மரத்தில் கட்டிவிட்டு, சுரண்டும் தகடு எடுத்து வரப் போனார். அடுத்து டாக்ஸி ஓட்டும் நசீம் வந்தான். "அண்ணே, கீழேர்ந்து மேலயா அடிப்பாங்க? குடுங்க இப்படி," என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். இரண்டு பேர் செய்வதைக் குறை சொல்ல நாலு பேர், நாலு பேரைத் திருத்த எட்டுப் பேர். பதினொரு மணிக்குப் பெண்டிக்கே இறங்கி வந்து, பிரஷ்ஷை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஹால்வருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தான். ஹால்வர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். மதியத்துக்குள் வேலி முடிந்து, கொட்டகையும் முடிந்து, அடுத்த வருடம் படிக்கட்டுக் கைப்பிடியை யார் அடிப்பது என்று சண்டையும் வந்துவிட்டது. கம்பெனி பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஹால்வர் மேலே போனபோது தூரி மடியருகே வாஃபிள் கல்லை வைத்துக்கொண்டு, மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். வாஃபிள் பொன்னிறமாக, ஓரம் முறுகலாக எழுந்து வந்தது. ஹால்வர் அதையே பார்த்தார்.

"உனக்கு வாஃபிள் சுடத் தெரியுமா?"

"எட்டு வயசிலேர்ந்து."

ஹால்வர் மெல்ல சோபா விளிம்பில் உட்கார்ந்தார். பதினொரு வருடத்துக்கு முன், மனைவி மாரிட் இறந்த பிறகு, இந்தக் குடியிருப்புக்கு வந்து ஐந்து மாதம் ஒருவரோடும் பேசாமல் கிடந்தவர் அவர். ஒருநாள் ஜன்னல் வழியே, யாரோ ஒரு பெண் நிலவறைக் கதவில் குறுக்கும் நெடுக்குமாகப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், வீட்டுச் செருப்போடு ஓடிப்போய் பிரஷ்ஷைப் பிடுங்கினார். அந்தக் கதவைத் தான்தான் காப்பாற்றியதாக இன்றுவரை பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நிலவறைக் கதவு..." என்றார்.

"மூணு சனிக்கிழமை அடிச்சேன்," என்றார் தூரி. "முதல் ரெண்டு வாரம் நீ ஜன்னல் பக்கமே வரல. சுரண்டிட்டு மறுபடி அடிச்சேன். சாப்பிடு, ஆறிடும்."

ஹால்வர் வாஃபிளைக் கையில் எடுத்தார். தனக்காக ஒருத்தி மூன்று வாரம் கதவைக் கெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்துத் தூரி போனார். அடக்கம் முடிந்து எல்லோரும் குடியிருப்பின் கூடத்தில் கூடியபோது வாஃபிள் பொறுப்பை ஹால்வர் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் வாஃபிளே கரிந்தது. "தூரிக்கு மேல இருக்கீங்களே," என்று யோரூன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். பெண்டிக் மாவு கலக்க வந்தான், நசீம் தட்டு எடுக்க வந்தான். ஹால்வர் தூரியின் வித்தையைக் கையாண்டுவிட்டார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. கண்ணை நீர் மறைத்து, கல் தெரியவில்லை.